ஆறுச்சாமியின் சக்கரம்

நாற்பத்தைந்து வினாடி. பத்துச் சுற்றுக்கு நாற்பத்தைந்து. சுலோச்சனா நோட்டில் எழுதிப் பக்கத்தில் மணியையும் குறித்தாள், இரண்டு பத்து. நிற்கும். எல்லாம் நிற்கும், அது நிற்கும்வரை நாம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவளுக்கு உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம். பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மட்டும் தரைப் பள்ளத்தில் இறங்கி ஆடியது. எதிரே சக்கரம். அவள் நெஞ்சு உயரத்துக்கு வார்ப்பிரும்பில் கனமான வளையம், பச்சைப் பெயிண்ட், உள்ளே ஆறு தகர அறைகள், அறைக்கொரு எஃகுக் குண்டு. ஒவ்வோர் அறையும் உச்சியைத் தாண்டிச் சாயும்போது குண்டு உருண்டு வெளிவிளிம்பில் மோதுகிறது, டொக். அந்தப் பக்கம் பாரம் கூடிக் கீழே இறங்குகிறதாம், இறங்குவது எதிர்ப்பக்கத்தை ஏற்றிவிடுகிறதாம், ஏறியது மறுபடி இறங்குகிறதாம், ஆகவே கரண்ட் வேண்டாம் டீசல் வேண்டாம் உலகம் உள்ளவரை சுற்றும் என்று ஆறுச்சாமி நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார், முக்கியமான வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. இந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புக் கோடு இருக்கும். அறிவியல் சங்கத்துக்கு வருவதை எல்லாம் அவளிடம் கொடுத்துவிடுவார்கள், மேடம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. இதற்கு முன் பதினோரு வீடுகள். பொள்ளாச்சியில் ஒரு தையற்காரர், மரக்கட்டைக்குள் கடிகார பேட்டரி வைத்திருந்தார், அவள் கட்டையைப் பிளந்து காட்டியபோது கொஞ்சமும் வெட்கப்படாமல் அது துவக்கி விடறதுக்கு மட்டும் மேடம் என்றார். தாராபுரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன் தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்ளும் தொட்டி, காலையில் இரண்டு குடம் ஊற்றுவது கணக்கில் வராது என்று உண்மையாகவே நம்பினார். யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எங்கிருந்தோ ஒரு சின்ன உதவி போய்க்கொண்டே இருக்கும், அதை அவர்கள் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவள் வேலை அந்த உதவியைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதையும் பழகியிருந்தாள். இங்கே அந்த முகம்கூட இல்லை. ஆறுச்சாமிக்கு ஒரு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் போய், பேச்சும் போய், உள் அறையில் கட்டிலில் கிடந்தார். தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டாள். வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தபோது அவர் மனைவி ரங்காத்தாள்தான், "வாங்க டீச்சர், அவரு உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தாருங், வந்து பாத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஈரமாக இருந்த அந்தக் கை சூடாகவும் இருந்தது.

நாற்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. பார், வேகம் குறைகிறது. உராய்வு, காற்று, குண்டு மோதும் ஒவ்வொரு சத்தமும் சக்கரத்தின் கையிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போவது, மாணவிகளிடம் அவள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள், சத்தம் கேட்கிறதென்றால் ஏதோ செலவாகிறது. ஐம்பத்தொன்பது. இப்போது டொக்குக்கும் டொக்குக்கும் நடுவே ஒரு சின்னக் காலி இடம் தெரிந்தது. உள்ளே கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்தது. சொல் அல்ல, கன்றைத் தேடும் மாடு தொண்டைக்குள்ளேயே கத்துவது போல ஒன்று. ரங்காத்தாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுலோச்சனா குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்து, ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, பத்துச் சுற்று எண்ணினாள். நாற்பத்து நான்கு. தப்பாக எண்ணியிருக்க வேண்டும். மறுபடி எண்ணினாள். நாற்பத்தைந்து. தேய்ந்துகொண்டிருந்த ஒன்று தேயாமல் ஆகியிருந்தது. சரி, இதற்குத்தானே வந்தோம். எழுந்து போய் மின்பெட்டியில் ஃப்யூஸ் கட்டையை உருவினாள், மின்விசிறி நின்றது, சக்கரம் நிற்கவில்லை. திசைகாட்டியை நாலு பக்கமும் காட்டினாள், முள் இரும்பைப் பார்த்துக் கொஞ்சம் நடுங்கியதே தவிரக் காந்தத்தைக் கண்டதுபோல் சுழலவில்லை. ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், காற்றோட்டமும் இல்லை. அச்சின் இரண்டு முனையும் திறந்தே இருந்தன, பேரிங் புத்தம் புதிது, அடியில் சிமெண்டு மேடை, தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு. முனகல். ரங்காத்தாள் மோர் கொண்டுவந்தாள். நாற்பத்தைந்து. மறுபடி குறைந்தது, மறுபடி முனகல் வந்தது, ரங்காத்தாள் துடைப்பத்தோடு வந்து வாசலைக் கூட்டினாள், இந்த அம்மாள் ஓர் இடத்தில் உட்காரவே மாட்டாளா, நாற்பத்து நான்கு. மூன்று முறை. சுலோச்சனா நோட்டைப் பார்த்தாள். எண்கள் ஏறின, முனகலுக்குப் பிறகு இறங்கின. முனகல் என்று அவள் எழுதவில்லை, ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தாள், எதற்கு வைத்தோம் என்று அவளுக்கே தெரியாமல். மூன்று புள்ளிகள், மூன்றும் சரியான இடத்தில். இரண்டு விஷயம் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றதை நடத்துகிறது என்று ஆகாது, இது பதினொன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் பிற்பகல் வெயிலில் தகரக் கூரை பட் பட்டென்று விரிந்துகொண்டிருக்க, கழுத்துக்குப் பின்னால் வியர்வை குளிர்ந்தது. படுத்தபடியே ஒரு மனிதனால் முனகலைக் கொண்டு சக்கரத்தை உந்த முடியுமா. சீ. என்ன நினைப்பு இது.

பேச்சுக் கொடுத்தால் தேவலை என்று தோன்ற, "இது எத்தனை நாளா ஓடுது?" என்று கேட்டாள். "அவரை ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்ததுல இருந்துங். பத்தொம்பது நாள்" என்றாள் ரங்காத்தாள், சக்கரத்தின் பக்கத்தில் நின்றபடி. "நிக்கவே இல்லையா?" "நிக்கக்கூடாதுங்க டீச்சர்." கூடாது. நிற்காது என்று சொல்லவில்லை. "ஏன் கூடாது?" "அவரு சொல்லியிருக்காருங். செஞ்சு முடிச்சு மொதல்ல ஓட உட்டப்ப, ரங்கா, இது நின்னுச்சுன்னா நானும் நின்னுட்டேன்னு வெச்சுக்கன்னு சொன்னாருங். சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றது, கண்ணைச் சுற்றிக் கரி பூசியது போலிருந்தது. சோதனையில் கடைசிப் படி ஒன்று பாக்கி இருந்தது. கையால் சக்கரத்தை நிறுத்த வேண்டும், விட வேண்டும், தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பாது. பதினோரு வீட்டிலும் அவள் அதை முதலில் செய்தாள். இன்று ஏன் கடைசிக்குத் தள்ளினோம். நான்கு வருடத்துக்கு முன் கணவர் கருணாகரனுக்கு மூச்சுக் குழாய் வைத்துப் பதினாறாவது நாள், அந்தச் சின்ன வயது டாக்டர் பெண் காகிதத்தை நீட்டி, மேடம் நீங்க சயின்ஸ் படிச்சவங்க உங்களுக்குப் புரியும் என்றாள். புரிந்தது. சிறுநீரகம், ரத்தத்தில் ஆக்சிஜன், எல்லா எண்ணும் ஒரே பக்கம்தான் இறங்கின. எடுத்துடுங்க என்றாள் சுலோச்சனா, குரல் நடுங்கவில்லை. அதில் தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல. குழாயை எடுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டவள், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு. ஆறு. ஒன்பது. பதினைந்து. இருபத்தேழு. புருஷன் சாகும்போது எண்ணிய பெண்பிள்ளை. யாரிடமும் சொன்னதில்லை. அடுத்ததற்காக அறுபதுவரை எண்ணி, நூறுவரை எண்ணி, நர்ஸ் தோளைத் தொட்டபோது நூற்று நாற்பத்தொன்றில் இருந்தாள். டொக். உள் அறையிலிருந்து ஆறுச்சாமியின் மூச்சு இங்கே வரை கேட்டது, இழுத்து, கொஞ்சம் தடுக்கி, விட்டு. எண்ணாதே. எண்ணாதே என்றால் மனசு எண்ணிவிடும். அதற்காகவே சக்கரத்தைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்றாள்.

நான்கு மணிக்கு ரங்காத்தாள் டீ கொண்டுவந்தாள், தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துவந்து சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்திருப்பாள், டம்ளர் மடியில் இறங்கியது, தலை ஒரு பக்கம் சரிந்தது. சுலோச்சனா எண்ணினாள். ஐம்பத்தேழு. அறுபத்தாறு. எண்பது. சக்கரம் இதுவரை இவ்வளவு தளர்ந்து அவள் பார்க்கவில்லை. குண்டுகள் யோசித்து யோசித்து உருண்டன. சத்தம் இழுத்துப் பேசுகிறவன் பேச்சைப் போல ஆனபோது, ரங்காத்தாளின் கண் திறந்தது. விழித்தாள் என்று சொல்ல முடியாது, திறந்தது. எழுவதற்கு ஒரு கை தரையில் ஊன்றியது, உள்ளே முனகல் எழுந்தது, வலது கை தானாக நீண்டு விளிம்பின் மேல் உள்ளங்கையை வைத்து நிதானமாக, பழகிய கை தொட்டிலை ஆட்டுவது போல, ஒரு தள்ளுத் தள்ளியது. டொக், டொக், டொக். அப்புறம்தான் அவளுக்கு எதிரே ஆள் இருப்பது நினைவு வந்தது. "பாத்துட்டீங்களாங்" என்றாள். சுலோச்சனாவுக்குக் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வெட்கமாக வந்தது. தண்ணீர், மோர், துடைப்பம், டீ, நடுநடுவே இன்னும் என்னென்னவோ. இரண்டு மணி நேரமாகக் காந்தத்தையும் கம்பியையும் தேடியவள், அத்தனை முறை கண்முன்னே நடந்துபோன பெண்ணைத் தேடவில்லை. "எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை?" "எட்டு நிமிசம், ஒம்பது நிமிசம் தாங்குங். மேல போனா நின்னுரும்." "ராத்திரியுமா?" "இங்கேயே தலையை வெச்சுக்குவேன். சத்தம் இழுத்துச்சுன்னா முழிப்பு வந்துருமுங்." பத்தொன்பது நாள். ஒன்பது ஒன்பது நிமிடமாகத் தூங்கியிருக்கிறாள். "உங்களுக்குப் பைத்தியமா? விட்டுட்டு ஒரு நாள் தூங்கினா என்ன?" "விட்டேங்க டீச்சர். வந்த மறுநாளு மத்தியானம் அசந்துட்டேன், நின்னே போச்சு. பதறிப் போயித் தள்ளுனேன் பாருங்க, அன்னிக்கு ஒரு கத்து கத்துனாரு. அதுல இருந்து நான் எந்திரிச்சாலே கத்துவாருங். லேட்டாப் போறேன்னு திட்டறாரு. அவரு உசுரு இதுலதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா." சொல்லும்போதே கண் சொருகியது. முனகலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது இவள்தான், அவ்வளவுதான், புதிர் தீர்ந்தது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், ஐந்தரைக்கு அன்னூர் பஸ். ஆனால் சுலோச்சனா, "நீங்க படுங்க. அரை மணி நேரம். நான் தள்ளறேன்" என்றாள். "நீங்களாங்க? நெசமாவா?" "நெஜமா." ரங்காத்தாள் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், படித்த பொம்பிளை பொய் சொல்வாளா என்று பார்ப்பதுபோல. பிறகு இருந்த இடத்திலேயே சாய்ந்தாள். தலை தரையைத் தொடுமுன் தூங்கிவிட்டாள்.

தள்ள வேண்டும். சொல்லியாயிற்று. எட்டாவது நிமிடம் சத்தம் இழுக்கத் தொடங்கியதும் சுலோச்சனா எழுந்தாள், நாற்காலி கீச்சிட்டது, உள்ளே முனகல். உள்ளங்கையில் இரும்பு குளிர்ச்சியாகவும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருந்தது, அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. தள்ளினாள். சக்கரம் கனமாக, நன்றி எதுவும் சொல்லாமல் போனது. தன் வாழ்நாளில் அவள் செய்த முதல் மோசடி இது என்று நினைத்துச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. ஏனென்றால் அடுத்த எட்டு நிமிடமும் அவள் காது சக்கரத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை, ஆறாவது நிமிடத்திலேயே கை தானாக முன்னால் போயிருந்தது. இந்தப் பைத்தியம் இப்படித்தான் பிடிக்கும் போலிருக்கிறது. இப்படியே நாளைக்கும் நாளன்றைக்கும் உட்கார்ந்திருப்போமோ, சங்கத்துக்காரர்கள் தேடி வந்தால் ஷ் நிற்கக்கூடாது என்பேனோ. எழுந்தாள். இம்முறை முனகல் இல்லை, கத்தல். ரங்காத்தாள் விழித்துவிடுவாள் என்று பயந்து சக்கரத்தை விட்டு உள் அறைக்கு ஓடினாள். ஆறுச்சாமி நல்ல உயரமான ஆள், கட்டிலுக்கு வெளியே கால் நீண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, கண் இரண்டும் தெளிவாக, ஈரமாக அவளையே பார்த்தன. "இதோ, தள்ளறேன், போய்த் தள்ளறேன்" என்று அவள் திரும்பியபோது முந்தானை இழுபட்டது. அவருடைய இடது கை அதைப் பிடித்திருந்தது. "விடுங்க. நின்னுடும்." விடவில்லை. கிழவனின் கையில் இவ்வளவு பலமா, லேத் பட்டறையில் இரும்பு கடைந்த கை, அவள் இழுத்தாள், சேலை தோளில் குத்திய ஊக்கில் கிழிவது கேட்டது. வெளியே டொக். வெகு நேரம் கழித்து, டொக். நிற்கப்போகிறது. நின்றால் இவர். இல்லை, அப்படி எதுவும் இல்லை, இரும்புக்கும் உயிருக்கும் என்ன. டொக் என்பதற்குப் பதிலாகக் குண்டு பாதி உருண்டு திரும்பி வந்த சத்தம், சக்கரம் பின்னோக்கிக் கொஞ்சம் ஆடி, முன்னோக்கிக் கொஞ்சம் ஆடி, அப்புறம் இல்லை. பத்தொன்பது நாள் சத்தம் இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்தது போலிருந்தது. கூரைகூடப் பேசவில்லை. ஆறுச்சாமி மூச்சை இழுத்தார், விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, சுலோச்சனாவின் உதடு எண்ணியது, நான்கு, ஐந்து, தயவுசெய்து, ஆறு. இழுத்தார். விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இழுத்தார். மூன்று. தடுக்கல் இல்லாமல், நீளமாக. மூன்று. மூன்று. முகத்தின் நல்ல பாதியில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. முந்தானையை விட்டார். அவருடைய கண் அவளைத் தாண்டி வாசற்பக்கம் போனது, சக்கரத்துக்கு அல்ல, அதன் அடியில் படுத்திருப்பவளுக்கு. ரங்காத்தாள் ஒவ்வொரு முறை எழும்போதும் இவர் கத்தியது எதற்கு என்று சுலோச்சனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போகாதே, தள்ள வேண்டாம், படு என்பதை மாட்டுக் குரலில் எப்படிச் சொல்வது.

வெளியே வந்து ரங்காத்தாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எழுப்பிச் சொல்ல வேண்டும், நின்றுவிட்டது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. பத்தொன்பது நாளும் வீண் என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்ன வார்த்தை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது தூங்குகிறவளின் வலது கை தரையிலிருந்து எழுந்தது. உள்ளங்கையை விரித்து, விளிம்பில்லாத காற்றில் வைத்து, நிதானமாக ஒரு தள்ளு. பிறகு விழுந்தது. கண் மூடியேதான் இருந்தது. சுலோச்சனா மணி பார்த்தாள். ஒன்பது நிமிடம் கழித்து மறுபடி எழுந்தது, அதே உயரம், அதே வேகம். மறுபடி ஒன்பது. இழுத்துப் பேச அங்கே எந்தச் சத்தமும் இல்லை, இருந்தும் ஒன்பது. தள்ளலில் துளியும் குறையவில்லை, எங்கேயும் உராயவில்லை, எதற்கும் செலவாகவில்லை. அவள் அந்தப் பிற்பகல் முழுக்க அளந்தவற்றில் தேயாதது இது ஒன்றுதான். அடுத்த முறை எழுந்தபோது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்குள்ளேயே அது அவளைத் தள்ளியது, உட்கார்ந்திருந்த உடம்பே பின்னால் அசைந்தது. "நின்னாச்சும்மா. போதும்" என்றாள் காதருகே, எழுப்பாத குரலில். கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அன்னூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. ஒன்பது நிமிடம் ஆயிற்று. கை அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது. பத்து. பதினொன்று. கைக்குள் இருந்த கை கனத்துக்கொண்டே போனது, விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பன்னிரண்டு. ஐயோ, நானா நிறுத்தினேன், இவளையுமா. குனிந்து மூக்கருகே கன்னத்தை வைத்தாள், ஒன்றும் தெரியவில்லை, தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது, எண்ணிக்கை எங்கோ தவறிப்போய் அவளுக்கு அடுத்த எண் என்னவென்றே ஞாபகம் வரவில்லை. ரங்காத்தாள் பெரிதாக ஒரு குறட்டை விட்டுப் புரண்டு படுத்தாள். கையை உருவிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள், வாயோரம் எச்சில் வழிந்தது. சுலோச்சனா வாய்விட்டு அழுதுவிடுவாள் போல நிமிர்ந்தபோது, உள் அறையிலிருந்து ஆறுச்சாமி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மெல்லத் தூக்கி, ஒரு விரலை நீட்டி, இறங்கிய வாயின் மேல் குறுக்கே வைத்தார்.